அறுபதாயிரத்துக்குள் முதல் ரோடு பைக்: முதுகும் கையும் வலிக்காமல் ஓட்ட எதைப் பார்த்து வாங்குவது?

60,000 ரூபாய்க்குள் சிறந்த ரோடு பைக் (வளைந்த ஹேண்டில் வைத்த, தார்ச்சாலைக்கான சைக்கிள்) எது, கார்பன் வேண்டுமா, டிஸ்க் பிரேக் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள்தான் உண்மையான கேள்வி. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. இப்போது ஓட்டுவது நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட். ஞாயிறு காலை திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை போய்வருகிறீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது. அடுத்த வருடம் ஏலகிரி ஏற வேண்டும், 200 கி.மீ. பிரவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்று முடிக்க வேண்டும் என்று ஆசை. கடைக்காரர் 56 அளவு சைக்கிள் ஒன்றை நல்ல தள்ளுபடியில் தருகிறார். ஆக, மூன்று நான்கு மணி நேரம் வலியில்லாமல் உட்காரவும், வாங்கிய ஆறு மாதத்தில் மறுபடி செலவு வைக்காமல் இருக்கவும் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கு பிராண்டின் பெயர் கடைசியாக வரவேண்டிய விடை.

முதலில் அந்த 56-ஐ விட்டுவிடுங்கள். தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும் சரி. 168 செ.மீ. உயரமுள்ள பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது 52. கம்பெனியைப் பொறுத்து 51 முதல் 53 வரை, எழுத்தில் சொன்னால் எஸ் அல்லது எம். 56 என்பது ஏறத்தாழ 178 முதல் 183 செ.மீ. வரை உள்ளவர்களுக்கானது. "ஃப்ரேம் பெரிசுன்னா ஹேண்டில் உயரமா இருக்கும் சார், குனிய வேண்டாம், முதுகுக்கு நல்லது" என்று கடையில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஹேண்டில் உயரம் கூடும். கூடவே உங்களிடமிருந்து தூரமாகவும் போகும். எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் முழங்கை மடங்காது. சாலையின் அதிர்வெல்லாம் நேராகத் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும். ஹேண்டிலை ஃப்ரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை 100 மி.மீ.-இலிருந்து 70 ஆகக் குறைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஸ்டியரிங் பிடிமானம் மாறிப்போகும், அப்போதும் முழுதாகச் சரியாகாது. இரண்டு அளவுக்கு நடுவில் நிற்கிறவர் சிறியதை எடுப்பது பொதுவாக நல்லது. சீட் போஸ்ட்டை உயர்த்தலாம், ஸ்டெம்மைத் திருப்பலாம், அதற்கு அடியில் ஸ்பேசர் வளையம் வைக்கலாம். பெரிய ஃப்ரேமைச் சின்னதாக்க வழியே இல்லை. சிறிய ஃப்ரேமில் ஒரு விஷயம் மட்டும் பழக வேண்டும். மெதுவாகப் போய்க்கொண்டே ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஷூ நுனி முன் டயரில் இடிக்கலாம். அது பழுது இல்லை, அந்த அளவுகளில் சகஜம்.

52, 54 என்ற எண்களையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 52 இன்னொன்றின் 54 ஆக இருக்கும். நம்பத் தகுந்தவை ஸ்டேக், ரீச் என்ற இரண்டு அளவுகள். ஒவ்வொரு மாடலின் இணையப் பக்கத்திலும் அட்டவணையாக இருக்கும். பெடல் மாட்டிய கைகள் (கிராங்க்) சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து ஃப்ரேமின் முன்னால் உள்ள தலைக்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே புள்ளி எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறது என்பது ரீச். ஸ்டேக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 550-ஐ 370-ஆல் வகுத்தால் 1.49, 525-ஐ 380-ஆல் வகுத்தால் 1.38. விடை 1.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நிமிர்ந்து உட்காரும் வகை, இதைத்தான் என்டியூரன்ஸ் என்று விற்கிறார்கள். 1.4-ஐ ஒட்டி இருந்தால் பந்தயத்துக்கானது. உங்களுக்கு வேண்டியது முதல் வகை. பிரான்சின் பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கருங்கல் பாவிய சாலைகளை மனதில் வைத்து ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2004-இல் 'ரூபே'யையும், ட்ரெக் 2012-இல் 'டொமேன்'னையும் கொண்டுவந்தபின் இந்த வகை தனியாக நிலைத்தது. இன்று மலிவான சைக்கிள்களிலும் இந்த அமைப்பு கிடைக்கிறது. பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்: விலை கூடிய டொமேனில் அதிர்வு குறைக்கும் தனி இணைப்பு ஃப்ரேமிலேயே உண்டு, அலுமினிய டொமேன் ஏஎல்-இல் அது கிடையாது. உட்காரும் நிலை மட்டும்தான் ஒத்துவரும்.

சுகத்துக்கு அடுத்தபடியாக, ஒருவேளை அளவுக்குச் சமமாக, வேலை செய்வது டயர். கார்பன் அதிர்வை உறிஞ்சும், அலுமினியம் எலும்பை உடைக்கும் என்று பேசுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். முக்கோண ஃப்ரேம் எந்தப் பொருளில் செய்தாலும் மேலும் கீழுமாக வளைவது மிகக் கொஞ்சம். காற்றடைத்த டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்குகிறது. இது உறுதியாகச் சொல்லக்கூடியது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கார்பனாக இருந்தால் கையில் உணரும் அளவுக்கு அதிர்வைக் குறைக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எடையைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. வந்தால் வரட்டும், அதற்காகத் தனியாக 10,000 ரூபாய் கொடுக்க வேண்டாம். முழுக் கார்பன் ஃப்ரேம் இந்த விலைக்குப் புதிதாக நம்பகமாகக் கிடைக்காது. பழையதாகக் கிடைத்தால், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முதல் ரோடு பைக்குக்கு அந்தச் சூதாட்டம் எதற்கு?

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ஃப்ரேமில் அதிகபட்சம் எத்தனை மி.மீ. டயர் போகும்?" என்பது. 25 மட்டும்தான் என்றால் நகர்ந்துவிடுங்கள். 28 கட்டாயம் போக வேண்டும், 32 போனால் நல்லது. டயர் பக்கவாட்டில் 28-622 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், 622 ரிம்மின் விட்டம். உங்கள் எடைக்குக் காற்றழுத்தம் 28 மி.மீ. டயரில் முன்னால் 70 பிஎஸ்ஐ, பின்னால் 75 முதல் 80, 32 மி.மீ. டயரில் முன்னால் 55, பின்னால் 60 முதல் 65. அங்கிருந்து ஆரம்பித்து ஐந்து ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள். டியூபில் பாம்பு கடித்தது போல் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழுந்தால் காற்று குறைவு, குழியில் டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது என்று பொருள். கல்லு மாதிரி 110 அடித்தால்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. நம் ஊர் ரோட்டில் அவ்வளவு இறுக்கினால் டயர் ஒவ்வொரு சிறு கல்லிலும் எகிறும். அதில் வீணாவது உங்கள் சக்திதான். ஒன்று நினைவிருக்கட்டும், ரோடு பைக் டியூப்களில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். பங்க்சர் கடை பம்பும் பெட்ரோல் பங்க் குழாயும் அதில் நேராகப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள், வீட்டில் அழுத்தம் காட்டும் தரை பம்ப் ஒன்று இருக்கட்டும்.

மூன்றாவது, கடைசி கியர். நீங்கள் கோவளம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) இதன் அருமை தெரியாது, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும். முன்னால் பெடல் பக்கம் 50, 34 பற்கள் உள்ள இரட்டைப் பல்சக்கரம் இருக்கட்டும். அதற்குக் 'காம்பாக்ட்' என்று பெயர். பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம் 32 அல்லது 34 பற்கள் இருக்கட்டும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 34-க்கு 32 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு சைக்கிள் ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. பின்னால் 25 மட்டும் இருந்தால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 10 கி.மீ.-க்குக் கொஞ்சம் மேல் போயாக வேண்டும். ஏற்றத்தில் அந்த இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தை உங்கள் முழங்கால்தான் கொடுக்கும். அவ்வளவு வேகத்தைத் தாங்க முடியாதபோது மிதி 45, 40 சுற்று என்று இறங்கி, ஒவ்வொரு மிதிக்கும் முழு எடையையும் போட வேண்டி வரும். முன்னால் 52, 39 உள்ள பழைய பந்தய சைக்கிள் மலிவாக வந்தால் இதை யோசித்துப் பாருங்கள். அதை மாற்ற கிராங்க், கேசட் (பின் பல்சக்கரங்களின் தொகுப்பு), சில சமயம் செயினை நகர்த்தும் பின் டிரெய்லியர் எல்லாம் வாங்க வேண்டும், மலிவு மலிவாக இருக்காது.

எடையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆகவே அதையும் கணக்கிலேயே பார்த்துவிடலாம். நீங்கள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 90 கிலோ. சைக்கிள் ஒரு கிலோ குறைந்தால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று சொச்சம். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஏறும் மலையில் அது தரும் லாபம் ஏறத்தாழ 40 நொடி. சமதளத்தில் ஒன்றுமே தெரியாது. அங்கே எதிரி காற்று. 10.5 கிலோ சைக்கிளுக்கும் 9.5 கிலோ சைக்கிளுக்கும் விலையில் 20,000 வித்தியாசம் என்றால், அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

கியர் செட்டுக்கு வருவோம். ஷிமானோ கம்பெனியின் வரிசை கீழிருந்து மேலாக (வேகம் என்பது பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை): டூர்னி 7 வேகம், கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10, அதற்கு மேல் 105. இதில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா மூன்றுக்கும் மாற்றாக 2025-இல் 'க்யூஸ்' என்ற புது வரிசையை வளைந்த ஹேண்டிலுக்கும் ஷிமானோ கொண்டுவந்தது. கடைகளில் இரண்டு தலைமுறையும் கலந்து இருக்கும். கிளாரிஸ் உள்ள சைக்கிளை "பழசாகிவிட்டது" என்று ஒதுக்கத் தேவையில்லை. 8 வேகச் செயினும் கேசட்டும் மலிவு, எளிதில் கிடைப்பவை, தேய்வதும் மெதுவாக. க்யூஸ் உதிரிகளைப் பழைய வரிசையோடு கலக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டூர்னியை ஒரு காரணத்துக்காகத் தவிர்க்கச் சொல்வேன். அதில் ஒரு பக்கம் கியர் மாற்ற லீவரின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தும் சின்ன பொத்தான் இருக்கும். ஹேண்டிலின் கீழ் வளைவில் பிடித்திருக்கும்போது விரல் அதை எட்டாது. கிளாரிஸிலிருந்து மேலே எல்லாம் பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளியும், அதன் பின்னாலுள்ள சின்ன லீவராலும் மாற்றுவதால் எந்தப் பிடியிலிருந்தும் மாற்றலாம். கிளாரிஸுக்கும் சோராவுக்கும் நடுவில் புதியவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சோரா கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஏங்க வேண்டாம்.

மலிவான 7 வேக சைக்கிள்களில் இன்னொரு வம்பு உண்டு, இதைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். பல்சக்கரங்கள் ஃப்ரீவீல் என்ற மரைத் திருகு வகையாக இருந்தால், வலது பக்கத்து பேரிங் மிகவும் உள்ளே தள்ளி இருக்கும். 78 கிலோ எடையோடு குழியில் இறங்கினால் பின் அச்சு அந்த இடத்தில் வளையலாம், நாளடைவில் உடையவும் கூடும். கேசட் வகையில் பேரிங் வெளி ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. கண்டுபிடிப்பது சுலபம். பின் சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டுவதற்கான பள்ளங்கள் உள்ள வளையம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அது சும்மா நிற்கப் பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். சக்கரத்தைப் பார்க்கும்போதே ஸ்போக்கையும் எண்ணிவிடுங்கள். பின் சக்கரத்தில் 28-க்குக் குறையக் கூடாது, 32 இருந்தால் உங்கள் எடைக்கு நிம்மதி. அழகுக்காக 20 ஸ்போக் வைத்த மலிவு சக்கரம் வளைய ஆரம்பித்தால் மெக்கானிக் கடையிலேயே குடியிருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் வேண்டுமா? ஈ.சி.ஆர். மட்டும்தான் என்றால் சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கே போதும். பேட் மலிவு, சரிசெய்வது எளிது, எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் மழையில் மலை இறங்கும்போது டிஸ்க் நன்றாக வேலை செய்யும், ரிம்மும் தேயாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, டிஸ்க் வைத்த ஃப்ரேம்களில் பெரும்பாலும் அகலமான டயருக்கு இடம் இருக்கும் என்பது. ஆகவே புதிதாக வாங்கினால் டிஸ்க். பழையதாக, 28 மி.மீ. டயர் போகும் நல்ல ரிம் பிரேக் சைக்கிள் கிடைத்தால் தயங்காமல் அது. உங்கள் விலையில் வருவது கேபிளால் இயங்கும் டிஸ்க். அதில் பலவற்றில் ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும். மறுபக்கத்தைத் தேயத் தேயத் திருகி உள்ளே தள்ள வேண்டும். இது தெரியாமல் "பிரேக் பிடிக்கவில்லை" என்று கேபிளையே இறுக்கிக்கொண்டிருப்பார்கள். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்கில் ஒரு துளி பட்டாலும் போச்சு. பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் கீச்சிடும், பிடிக்காது, பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெயே போதும்.

இனி பெயர்கள். டெக்கத்லானின் ட்ரைபன் ஆர்சி வரிசை இந்தத் தேவைக்கென்றே அளவெடுத்தது: நிமிர்ந்த அமைப்பு, காம்பாக்ட் கியர், அகல டயருக்கு இடம். ஆர்சி 500-இல் சோராவும் டிஸ்கும், ஆர்சி 520-இல் 105 கியர். இப்போது ரோடு பைக்குகளை அவர்கள் வான் ரைசல் என்ற பெயருக்கு மாற்றிக்கொண்டிருப்பதால் கடையில் எது இருக்கிறதோ அதன் ஸ்டேக், ரீச், டயர் இடம் மூன்றையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜயண்ட் கன்டென்ட், ட்ரெக் டொமேன் ஏஎல் 2 இரண்டும் இதே குணம் கொண்டவை. டொமேன் புதிதாக வாங்கினால் உங்கள் வரம்பைத் தாண்டிவிடும், இரண்டாம் கையாக வரலாம். மெரிடா ஸ்கல்டுரா கொஞ்சம் பந்தயச் சாய்வு உள்ளது, உட்கார்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். வளைந்த ஹேண்டிலே வேண்டும், ஆனால் கிராமத்து உடைந்த ரோட்டிலும் போவேன் என்றால் கிராவல் பைக் ஒன்றையும் பார்க்கலாம். சமதளத்தில் சற்று மெதுவாகப் போகும், ஆனால் 200 கி.மீ. பிரவேக்குக் கொடுக்கும் நேரம் 13 மணி 30 நிமிடம். ஓய்வு, சாப்பாடு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. கூட ஆகாது. அங்கே கோட்டைவிடுகிறவர்களில் பலர் வேகம் போதாமல் விடுவதில்லை. உட்கார முடியாமல் விடுகிறார்கள். இருக்கும் ஹைபிரிட்டிலேயே வளைந்த ஹேண்டில் மாட்டிவிடலாமா என்று இன்னொருவர் பின்னூட்டத்தில் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாம். நேர் ஹேண்டிலுக்கென்று செய்த ஃப்ரேமின் ரீச் ஏற்கெனவே நீளம். வளைந்த ஹேண்டில் இன்னும் 8 செ.மீ. முன்னே இழுக்கும். புது லீவர், அதற்குப் பொருந்தும் டிரெய்லியர், பிரேக் என்று பாதி சைக்கிள் விலை ஆகிவிடும்.

இரண்டாம் கையாகப் போவதானால் கையில் ஒரு ஸ்டீல் அளவுகோல் எடுத்துப் போங்கள். செயினில் 12 முழுக் கண்ணிகள் புதிதாக இருக்கும்போது ஆணி மையத்திலிருந்து ஆணி மையம் வரை 304.8 மி.மீ. இருக்கும், அதாவது சரியாக 12 அங்குலம். ஒன்றரை மி.மீ. நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம். மூன்று மி.மீ. நீண்டிருந்தால் கேசட்டும் போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ரிம் பிரேக் என்றால் ரிம்மின் பக்கச்சுவரில் விரல் வைத்துத் தடவுங்கள். உள்குழிவாகத் தேய்ந்திருந்தால் ரிம்மின் ஆயுள் முடிகிறது. தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ மயிரிழை கீறலாகவோ இருந்தால் முன்னால் எங்கோ மோதிய சைக்கிள், விட்டுவிடுங்கள். கடலோர ஊரில் ஓடிய சைக்கிளில் சீட் போஸ்ட் ஃப்ரேமுக்குள் இறுகிப் பிடித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். போல்ட்டைத் தளர்த்தி அசைத்துப் பாருங்கள். அசையாத போஸ்ட் உங்கள் உயரத்துக்கு வராத போஸ்ட். பழைய பில் இல்லாத சைக்கிளை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

60,000-ஐயும் சைக்கிளுக்கே கொடுத்துவிட வேண்டாம். எட்டு முதல் பத்தாயிரம் ஒதுக்கி வையுங்கள்: ஹெல்மெட், முன் பின் விளக்கு, தரை பம்ப், இரண்டு டியூப், டயர் லீவர், பேட் வைத்த ஷார்ட்ஸ். ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும், தையல் உரசித்தான் புண்ணே வருகிறது. தடித்த ஜெல் கவர் சீட்டுக்கு வேண்டாம். முதல் அரைமணிக்கு மெத்தென்று இருக்கும், பிறகு நடுவில் பிதுங்கி நரம்பை அழுத்தும். சீட் அகலத்துக்கு ஒரு வழி உண்டு. நெளி அட்டை ஒன்றைக் கடினமான நாற்காலியில் வைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அவற்றின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தோடு இரண்டு செ.மீ. கூட்டினால் ஏறத்தாழ உங்கள் சீட்டின் அகலம். ஏறத்தாழ என்பதை அழுத்திச் சொல்கிறேன். சீட் விஷயத்தில் அளவு பாதி, உடம்பு பாதி.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது சீட் உயரம். வெறுங்காலில் சுவரை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் மேலே தள்ளி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் 68.9 செ.மீ. கிராங்க் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரை, சீட் குழாயின் வழியாக அளக்க வேண்டும். இது தொடங்கும் இடம்தான். ஷூ அடியும் பாத நீளமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒரு செ.மீ. மேலோ கீழோ போகலாம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு மூன்று நான்கு மி.மீ. மட்டும் மாற்றி, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து அடுத்த மாற்றத்துக்குப் போங்கள். சீட்டை முன் பின் நகர்த்துவதற்கு, முழங்காலிலிருந்து நூல் தொங்கவிட்டுப் பெடல் அச்சுக்கு நேராக வைக்கும் முறையைச் சொல்வார்கள். அதற்கு உறுதியான அடிப்படை கிடையாது. ஆனாலும் தொடங்க ஓர் இடம் வேண்டுமே, அதற்கு உதவும்.

உங்கள் கை மரத்துப்போவதற்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் புது சைக்கிள் வாங்குவதற்கு முன்பே ஹைபிரிட்டில் காசில்லாமல் சோதிக்கலாம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று ஒரு நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கக் கை முழு நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும். மட்டமாக வைத்தாலே பலருக்குப் பாதி சரியாகிவிடும். நேர் ஹேண்டிலில் பிடிக்க ஒரே இடம்தான். ரோடு பைக்கில் மேலே, லீவர் மேல், கீழே என்று மூன்று இடம் இருப்பதும், லீவர் மேல் பிடிக்கும்போது மணிக்கட்டு முறுக்காமல் இருப்பதும் உங்களுக்கு நன்மை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றும் பழக்கம் வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரப்பது உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுத்தப்படுவதால். சைக்கிளை விட்டு இறங்கிப் பல மணி நேரம் ஆன பிறகும் அது போகாவிட்டால், அல்லது கழுத்து வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினால், அதை சைக்கிள் மாற்றிச் சரிசெய்ய முடியாது, மருத்துவரைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனால் பொறுத்துக்கொண்டு ஓட்டவே கூடாது, சீட்டை மாற்ற வேண்டும்.

புது சைக்கிளில் ஹேண்டில் இன்னும் தாழ்வாகத் தோன்றினால், ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் 100 மி.மீ. ஸ்டெம்மில் ஏறத்தாழ 2 செ.மீ. உயரும். ஆகவே டெலிவரி எடுக்கும்போது ஸ்டெம்முக்குக் கீழே உள்ள ஸ்பேசர்களை எடுக்கவோ குழாயை வெட்டவோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் இப்போது வேண்டாம், சாதாரணப் பெடலில் மூன்று நான்கு மாதம் போகட்டும். கடல் காற்றில் ஓட்டுவதால் ஒவ்வொரு ஞாயிறும் வந்ததும் ஈரத் துணியால் துடையுங்கள். பம்பு வைத்து வேகமாகத் தண்ணீர் அடித்தால் பேரிங்குக்குள் போய்விடும். முதல் 150, 200 கி.மீ.-இல் கேபிள் உறைகள் அமர்ந்து கியர் சற்றுப் பிசகும், ஸ்போக்கும் தளரும். இது இயல்பு, கடைகள் பெரும்பாலும் முதல் சர்வீஸை இலவசமாகவே செய்வார்கள். அப்போது இடது கிராங்க் போல்ட்டை உங்கள் கண்முன் இறுக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்த நிலையில் ஒரே ஒரு தடவை நீண்ட தூரம் ஓட்டினால் சதுர ஓட்டை உள்ள கிராங்கில் அந்த ஓட்டை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. புது கிராங்க்தான் வாங்க வேண்டும்.